டாமரக் மஞ்சளுக்காக: அல்கோன்குயின் நாட்குறிப்பு

செப்டம்பர் 27
கனடாவின் அல்கோன்குயின் பூங்கா. சுகர் மேப்பிள் மரம் இலைநிறத்தின் உச்சத்தில் நிற்கிறது. ஒரு காற்று போதும், பாதி கொட்டிவிடும். இலையுதிர்காலத்தில் மஞ்சளாகும் ஊசியிலை மரமான டாமரக் இன்னும் பச்சை. அந்த மஞ்சளை வரையத்தான் காத்திருக்கிறேன்.

செப்டம்பர் 29
மழை.

செப்டம்பர் 30
வரையும் பலகையின் அளவிலேயே மனம் நிற்கிறது. கனடிய ஓவியர் டாம் தாம்சன் இங்கே வரைந்தவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 21.6 × 26.7 செ.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், படகில் ஏற வேண்டும், ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே சுமந்து நடக்க வேண்டும். அந்தப் பரப்பில் இலை இலையாக வரைய இடமில்லை. எதிர்க்கரை முழுவதும் ஒரே இழுப்பில் வந்தாக வேண்டும். அவர் தூரிகையின் துணிச்சல் இந்த நீர்வழிகள் கொடுத்ததுதான்.

அக்டோபர் 3
கடுங்குளிர். வெள்ளை ட்யூப் பிதுங்க மறுக்கிறது. குளிரில் எண்ணெய் வண்ணம் இறுகும். அழுத்தித் தேய்த்தால் அடிவண்ணமும் கிளறிச் சேறாகும். டர்பன்டைன் கூடினால் வழியும், தூரிகைத் தடம் நிற்காது. ட்யூபைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, வால்நட் எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டால் போதும். வரைந்த பலகைகளைக் காடி வெட்டிய பெட்டியில் தனித்தனியாகச் செருக வேண்டும். இந்தக் குளிரில் அவை லேசில் காயாது.

அக்டோபர் 4
டாமரக் நுனியில் மட்டும் லேசாக வெளுப்பு.

அக்டோபர் 8
மறுபடி தாம்சனின் அந்தச் சிவப்பு. அவருடைய ‘ஜாக் பைன்’ ஓவியம் (1916–17), ஒட்டாவா தேசியக் காட்சியகத்தில் இருப்பது. கிராண்ட் ஏரிக்கரையில் போட்ட சின்னப் பலகையை டொராண்டோ குளிர்காலத்தில் 127.9 × 139.8 செ.மீ. கேன்வாஸாக்கினார். கிட்டத்தட்ட சதுரம். வானமும் நீரும் படுக்கைப் பட்டைகளாக அமைதியாகிவிட்டன, மரம் மட்டும் வளைகிறது. பச்சையின் ஓரங்களில் அடிச்சிவப்பு எட்டிப் பார்க்கிறது. வெள்ளை அடிப்பூச்சாக இருந்தால் அந்த இடைவெளிகள் பல் இளித்திருக்கும். சிவப்பு, பச்சையைத் தூக்கிக் கொடுக்கிறது. இங்கே அந்தியில் பைன் கிளைகளுக்கு நடுவே தெரிவதும் அதுதான். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே மேலே வரைய வேண்டும். ஈரமாக இருந்தால் பச்சை பழுப்பாகிவிடும்.

1912-இல் இங்கே தாம்சனின் முதல் வருகை. 1917 ஜூலையில் கனோ ஏரியில் மரணம், 39 வயது. மனம் ஆறவே இல்லை.

அக்டோபர் 11
ராத்திரி முழுக்கக் காற்று. ஆஸ்பென் மரங்கள் மொட்டை.

அக்டோபர் 16
டாமரக் மஞ்சள் வந்துவிட்டது! சதுப்பு முழுக்க. காட்மியம் மஞ்சளோடு ஓக்கர், பர்ன்ட் சியன்னா ஒரு பொட்டு. லெமன் மஞ்சள் கூடாது, பின்னாலுள்ள ஸ்ப்ரூஸ் மரங்களின் கருமையில் பட்டதும் பச்சையாகிவிடும். கருமையை முதலில் வைத்து, மரத்துக்கான இடத்தைச் சிவப்பாகவே விட்டு, மஞ்சளைக் கடைசியில் தடிப்பாக, ஒரே முறை. திரும்பத் தொடக்கூடாது.

அக்டோபர் 17
மேற்குக் கரை முடிந்தது. வெயில் நின்றால் நாளை கிழக்குச் சதுப்பு.