கத்திரி வெயிலிலும் கலையாத மேக்கப்

கல்யாண மேடையில் ஓமம் வளர்க்க ஆரம்பித்ததும் முதலில் நிறுத்துவது மின்விசிறியைத்தான். குத்துவிளக்கு அணையக் கூடாது, புகை பரவக் கூடாது. ஏசி மண்டபமே ஆனாலும் மேடையில் தீ எரிகிறது, வீடியோ விளக்கு முகத்துக்கு நேரே அடிக்கிறது, சுற்றிலும் 30 பேர் நிற்கிறார்கள். மணப்பெண்ணின் மேல் பட்டுப்புடவையும் மாலையும் கனக்கின்றன. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் மேக்கப் கலைவது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். கத்திரி வெயில் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை நீடிக்கும். அதற்காக மதுரையில் யாரும் கல்யாணத்தைத் தள்ளிவைப்பதில்லை. எதை வாங்குவது, எப்படிப் போடுவது என்பதை இந்த மேடையை மனதில் வைத்தே சொல்கிறோம். விருந்துக்குப் போகிறவர்களுக்கும், வெயிலில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதி போதும்.

கடையில் எல்லோரும் கேட்பது "வாட்டர்ப்ரூஃப் இருக்கா?" என்றுதான். வாட்டர்ப்ரூஃப் என்பது மேலேயிருந்து விழும் தண்ணீரைத் தாங்கும். வியர்வையோ அடியிலிருந்து கிளம்புகிறது. சுவரில் ஓதம் ஏறினால் பெயின்ட் உப்பி உரிகிறது அல்லவா, முகத்திலும் அதேதான். கனமாகப் பூசிய படலத்தின் அடியில் வியர்வை கோத்துக்கொண்டு அதைத் திட்டுத் திட்டாகத் தூக்கிவிடும். மெல்லிசாகப் பூசியிருந்தால் வியர்வை ஊடே வெளியேறிக் காய்ந்துவிடும், பேஸ் (முகம் முழுக்கப் பூசும் அடிப்பூச்சு) அப்படியே இருக்கும். வியர்வை தூக்குகிறது, தோலின் எண்ணெய் கரைக்கிறது, மீதியைக் கைக்குட்டையும் முந்தானையும் துடைத்துவிடுகின்றன. மேக்கப் போவது இந்த மூன்று வழியில்தான். எந்தப் பொருளை வாங்கினாலும் இந்த மூன்றில் எதைத் தடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மதுரை வெப்பமும் சென்னை வெப்பமும் ஒன்றல்ல. கடற்கரை ஊரில் நாள் முழுக்கக் கசகசப்பு. இங்கே விடியற்காலையிலும் கோடை மழை பெய்த மறுநாளும் புழுக்கம். 11 மணிக்கு மேல் காற்று வறண்டு அனலாக அடிக்கும். அதனால் "முழுக்க மேட் (பளபளக்காத வகை) போடுங்கள்" என்ற ஆலோசனை இங்கே பாதிதான் பொருந்தும். காலையில் நன்றாக நின்ற வறட்டு மேட் பேஸ், மதியம் மண்டப வாசலுக்கு வந்ததும் சிரிப்புக் கோட்டிலும் கண்ணுக்கு அடியிலும் வெடிக்கும். எங்கள் பரிந்துரை, அதிகம் பளபளக்காத, வறட்டாகவும் தெரியாத நேச்சுரல் ஃபினிஷ் ஃபவுண்டேஷன் ஒன்றை வாங்கி, நெற்றி, மூக்கு, மேலுதடு, மோவாய் ஆகிய இடங்களில் மட்டும் பவுடர் போடுவது. அந்த இடங்கள் மேட் ஆகிவிடும், கன்னம் வறளாது.

பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் சேர்மானங்கள் இருக்கும், அதைப் படியுங்கள். ஐசோடோடெக்கேன், டிரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட், அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்ற பெயர்கள் இருந்தால் அது நீடித்து நிற்கும் வகை. முதலாவது, பூசிய சில நிமிடத்தில் ஆவியாகிவிடும்; மற்ற இரண்டும் தோல் மேல் மெல்லிய படலமாக நின்று நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். "டியூவி", "க்ளோ" என்று போட்டிருக்கும் பளபளப்பு வகைகளில் கிளிசரினும் எண்ணெயும் கூடுதலாக இருப்பதுதான் வழக்கம். அவற்றை மார்கழிக்கு வைத்துக்கொள்ளலாம். ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் பிரைமரும் ஃபவுண்டேஷனும் ஒத்துப்போகிறதா என்பது விலையைவிட முக்கியம். சிலிக்கோன் பிரைமர் மேல் தண்ணீர் அடிப்படையிலான ஃபவுண்டேஷன் போட்டால் பல நேரம் உருண்டு உருண்டு அழுக்குத் திரிவதுபோல் வரும். இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் குழைத்துப் பாருங்கள். பால் திரிந்ததுபோல் பிரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

நிறம் தேர்ந்தெடுப்பதிலும் வெயில் குறுக்கிடுகிறது. மாநிறத்துக்கு ஒரு படி வெளுப்பான ஷேட் போட்டால், வியர்த்ததும் முகம் சாம்பல் பூத்துவிடும். தாடை ஓரத்தில் மூன்று ஷேட்களைக் கோடாக இழுத்து, கடை விளக்கில் அல்லாமல் வாசலுக்கு வந்து பாருங்கள். உடனே முடிவு செய்ய வேண்டாம். அரை மணி நேரத்தில் பல ஃபவுண்டேஷன்கள் ஒரு படி கருக்கும். கருத்த பிறகு எது தாடையோடு கலந்து மறைகிறதோ அதுதான் உங்களுடையது. மணப்பெண் என்றால் நலங்கு மஞ்சளையும் கணக்கில் எடுக்க வேண்டும். முந்தின நாள் பூசிய மஞ்சள் மறுநாளும் தோலில் தங்கும். அதன் மேல் மஞ்சள் சாயல் உள்ள ஷேட் போட்டால் முகம் காமாலை கண்டதுபோல் தெரியும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவான நியூட்ரல் ஷேட் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

தயாரிப்பு இரண்டு நாள் முன்பே தொடங்குகிறது. கடைசி எண்ணெய்க் குளியலை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை தலைக்கு வைத்த நல்லெண்ணெய் சீயக்காய் போட்டு அலசினாலும் முடியடியில் கொஞ்சம் நிற்கும். சனிக்கிழமை வியர்வையோடு நெற்றிக்கு இறங்கும். நெற்றி மேக்கப் மட்டும் முதலில் வழிகிறது என்று சொல்பவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். த்ரெடிங்கும் ப்ளீச்சும் குறைந்தது மூன்று நாள் முன்னால். புதிதாகப் பிடுங்கிய இடத்தில் வியர்வையின் உப்புப் பட்டால் எரியும், சிவக்கும், எந்தப் பேஸும் ஒட்டாது.

அன்று காலை. குளித்துவிட்டு வந்ததும் மேக்கப்புக்கு உட்காராதீர்கள். குளித்த சூட்டில் உடம்பு இன்னும் 15, 20 நிமிடம் வியர்த்துக்கொண்டிருக்கும். உள்பாவாடை, ஜாக்கெட்டோடு விசிறிக்கு அடியில் ஆறிய பிறகுதான் முகத்தில் கை வைக்க வேண்டும். அவசரம் என்றால் ஐஸ் கட்டியை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி ஒரு நிமிடம் ஒற்றுங்கள். வெறும் ஐஸைத் தேய்த்தால் தோல் சிவந்துவிடும். பிறகு பட்டாணி அளவு ஜெல் மாய்ஸ்சரைசர், ஐந்து நிமிட இடைவெளி. பிரைமர் அதைவிடக் குறைவாக, மூக்கும் நடு நெற்றியும் மட்டும். விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்துக்குள்ளேயே இருக்கப்போகிறோம் என்றால் சன்ஸ்கிரீன் வேண்டாம், ஓர் அடுக்கு மிச்சம். வெயிலில் போட்டோ எடுப்பதாக இருந்தால் பிரைமருக்கு முன் கட்டாயம் வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு இழுத்த அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். 15 நிமிடம் ஊறவிட்ட பின்தான் அடுத்தது. ஜிங்க் ஆக்சைடு அதிகமுள்ள சன்ஸ்கிரீன் ஃப்ளாஷில் வெள்ளையடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபவுண்டேஷன் ஒரு பம்ப். நனைத்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் போட வேண்டும். இழுத்தால் கோடு விழும். இரண்டாவது அடுக்கு கரும்புள்ளி இருக்கும் இடத்துக்கு மட்டும். மூக்கின் இரு பக்கமும் மேலுதடும்தான் முதலில் வியர்க்கும் இடங்கள். ஸ்பாஞ்சில் மிச்சம் ஒட்டியிருப்பதே அங்கே போதும். அடுத்து, பேஸ் ஈரமாக இருக்கும்போதே செட்டிங் ஸ்ப்ரே ஒரு தடவை, ஒரு சாண் தூரத்திலிருந்து. காய்ந்ததும் பஃபில் பவுடரை எடுத்து, மடித்துத் தேய்த்து, உதறிவிட்டு அழுத்துங்கள். கடைசியில் மறுபடி ஸ்ப்ரே. ஸ்ப்ரேயிலும் இரண்டு வகை உண்டு. ஆல்கஹாலும் படலம் பிடிக்கும் பாலிமரும் உள்ளது மேக்கப்பைப் பிடித்து நிறுத்தும். பன்னீரும் கிளிசரினும் மட்டும் உள்ள மிஸ்ட் பளபளப்புத்தான் தரும், நிறுத்தாது. இரண்டும் ஒரே மாதிரி பாட்டிலில் வருவதால் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அதேபோல, வெள்ளை வெளேரென்ற சிலிக்கா பவுடர் கண்ணாடியில் தெரியாது. ஃப்ளாஷ் போட்டோவில் கண்ணடியில் மாவு தெளித்ததுபோல் தெரியும். வாங்கியவுடன் செல்போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துச் சரிபாருங்கள்.

பிரைமர் வாங்கப் பணமில்லை என்றால் காலமைன் லோஷன் மெல்லிசாகத் தடவலாம். எண்ணெயை உறிஞ்சும், ஆனால் வறண்ட தோலுக்கு ஆகாது. வயிற்றுக்குக் குடிக்கும் மில்க் ஆஃப் மக்னீசியாவை முகத்தில் தடவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அதன் காரத்தன்மை தோலைப் புண்ணாக்கும்.

ஏர்பிரஷ் பற்றி ஒரு வார்த்தை. ஃபவுண்டேஷனைச் சிறு கருவியால் புகைபோலப் பீய்ச்சும் முறை இது. மெல்லிசாக விழுவதால் நிற்கும், உண்மைதான். ஆனால் கண்ணீர்க் கோடு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். தாரை வார்க்கும்போது அப்பாவைப் பார்த்ததும் அழுதுவிடுவேன் என்று தெரிந்த பெண்ணுக்கு ஸ்பாஞ்சால் போடும் பேஸே மேல்.

கண்மை கீழே இறங்குவது வியர்வையால் மட்டுமல்ல. விளக்கெண்ணெய், மெழுகு சேர்ந்த மை உடல் சூட்டிலேயே இளகும். கீழ் இமைக்குள் நீர் ஊறிக்கொண்டே இருப்பதால் எந்த மையும் அங்கே எட்டு மணி நேரம் நிற்காது. மேல் இமையின் முடிக்காலில் ஜெல் லைனர், அது காய்ந்ததும் அதன் மேல் கறுப்பு ஐஷேடோவை ஒற்றுவது, கீழே வெளியோரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. இது நிற்கும். வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா தண்ணீருக்கு அசையாது, ஆனால் எண்ணெய்க்குக் கரையும். இமையில் எண்ணெய் வழிபவர்களுக்குக் கண்ணடி கறுக்க இதுவே காரணம். அவர்களுக்கு, இமை முடியைக் குழாய்போல் சுற்றிப் பிடிக்கும் ட்யூபிங் மஸ்காரா நல்லது. வியர்வைக்கும் எண்ணெய்க்கும் நிற்கும். வெந்நீரில் நூல் நூலாகக் கழன்று வந்துவிடும்.

உதட்டுக்கு லிக்விட் மேட், ஒரே ஒரு பூச்சு. அதற்கு முன் லிப் லைனரால் உதடு முழுவதையும் நிரப்புங்கள். மேலே உள்ளது போனாலும் அடியில் நிறம் இருக்கும். பந்தியில் நெய்யும் அப்பளமும் பட்டால் உள்ளுதடு போகத்தான் செய்யும், மறுவீட்டு பிரியாணிக்கு இன்னும் சீக்கிரம். அதைத் தடுக்க அடுக்கு மேல் அடுக்கு போடாமல், சாப்பிட்ட பின் டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றிவிட்டு உள்ளுதட்டில் மட்டும் தொட்டால் போதும்.

பொட்டு வைக்கும் வட்டத்தில் பேஸ், சன்ஸ்கிரீன், பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. பட்ஸால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு ஒட்டினால் ஸ்டிக்கர் நிற்கும். குங்குமம் என்றால் அந்தக் காலம்போல அடியில் துளி மெழுகு. சில ஸ்டிக்கர்களின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நெற்றியில் வெள்ளைத் திட்டை உண்டாக்கும். அரிப்போ வெளுப்போ தெரிந்தால் ஸ்டிக்கரை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்தில், தாலிக்கயிறு படும் இடத்திலும் ஃபவுண்டேஷன் வேண்டாம். புதுக் கயிற்றின் மஞ்சள் வியர்வையில் இறங்கி, பேஸோடு கலந்து ஆரஞ்சுக் கறையாகிவிடும்.

கூட இருக்கும் தோழியின் கைப்பையில் டிஷ்யூ, ப்ளாட்டிங் பேப்பர், காம்பேக்ட், பட்ஸ், ஒரு சிறிய ஸ்பாஞ்ச், இவை இருந்தால் போதும். வியர்த்ததும் பலர் முதலில் எடுப்பது காம்பேக்ட். ஈரத்தின் மேல் பவுடர் விழுந்தால் களியாகிவிடும். முதலில் விசிறுங்கள். டிஷ்யூவை ஒற்றை மடிப்பாக்கி வைத்து அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய் இருந்தால் ப்ளாட்டிங் பேப்பர். காய்ந்த பின்தான் பவுடர், அதுவும் நடுமுகத்தில் மட்டும். வெடித்த இடத்தில் புதுப் பவுடர் போட வேண்டாம். ஈர ஸ்பாஞ்சால் அழுத்தினால் விரிசல் மறைந்துவிடும்.

வாங்கியதை அப்படியே விசேஷ நாளில் போடாதீர்கள். ஒரு வாரம் முன்பு முழுதாகப் போட்டு, காலை 11 மணிக்கு மொட்டை மாடியில் 20 நிமிடம் நடந்துவிட்டு வந்து, அடுப்படியில் தோசை சுடுங்கள். எங்கே முதலில் போகிறதோ அங்கே அளவைக் குறையுங்கள்.

சித்ரா பௌர்ணமியன்று வைகைக் கரைக்கு அழகரைப் பார்க்கப் போகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிடலாம். தோப்பறை என்ற தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்தில் ஃபவுண்டேஷனுக்கு வேலையே இல்லை. தண்ணீருக்கு நிற்கும் சன்ஸ்கிரீன், மேல் இமையில் வாட்டர்ப்ரூஃப் லைனர், உதட்டுக்கு டின்ட். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும், முகம் துடைத்தால் உடனே.

வாங்கும்போது பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவற்றைப் பாருங்கள்; இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெயில் படும் தள்ளுவண்டியில் அடுக்கியிருக்கும் லிப்ஸ்டிக்கைத் திறந்தால் மேலே முத்து முத்தாக எண்ணெய் நிற்கும்; மெழுகும் எண்ணெயும் பிரிந்துவிட்டதற்கு அது அடையாளம். வாங்கிய பிறகும் நிறுத்திய காரிலோ ஸ்கூட்டர் டிக்கியிலோ மேக்கப் பையை விடாதீர்கள். அலமாரியின் கீழ்த் தட்டே போதும்.

இவ்வளவு பிடிமானமாகப் போட்டதை வெறும் ஃபேஸ்வாஷ் கழற்றாது. கை உலர்ந்திருக்கும்போதே க்ளென்சிங் பாம் அல்லது எண்ணெயை ஒரு நிமிடம் தடவிக் கரைத்து, ஈரப் பருத்தித் துணியால் துடைத்து, அதன் பிறகு ஃபேஸ்வாஷ். தேங்காய் எண்ணெயும் கழற்றும்; பருவுள்ள தோலில் அது துளைகளை அடைக்கும் என்பதால் அவர்கள் தவிர்ப்பது நல்லது. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அன்றிரவே கழற்றிவிடுங்கள். படலத்துக்கு அடியில் இரவெல்லாம் வியர்வை அடைபட்டால் காலையில் நெற்றி முழுக்க வேர்க்குரு பொரிந்திருக்கும், மாலை வரவேற்புக்கு எந்தப் பேஸும் அதை மறைக்காது.