பீடித் தட்டில் ஒரு மாத்திரை அட்டை

ஜூன் 9, 2025, திங்கள்

சாரல் பிடித்துவிட்டது. வராந்தா முழுக்க ஈரக் குடைகள். தென்காசிப் பக்கம் இந்த மாதம் குற்றாலத்துக்குக் கூட்டம் போகும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழக்கம்போல சுகர், பிரஷர் கூட்டம்தான். நான் இருப்பது தொற்றா நோய்ப் பிரிவில். பிரஷர் பார்க்க வேண்டும், விரலில் குத்தி சுகர் பார்க்க வேண்டும், நோட்டில் ஏற்ற வேண்டும், அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். நடுவில் 'ஆலோசனை' என்று ஒரு வேலை. அதற்கு மிஞ்சுவது ஆளுக்கு இரண்டு நிமிடம்.

இன்று ஒரு கொத்தனார் அண்ணாச்சி. வெறும் வயிற்றில் 240. "சோத்தைக் குறைச்சீங்களா இல்லையா?" என்று கேட்கும்போதே என் குரல் ஏறிவிட்டது. செருப்பில்லாத தன் காலைப் பார்த்துக்கொண்டே "குறைக்கேன் சிஸ்டர்" என்றார். குறைக்க மாட்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போன வருஷம் ஒரு பெரியவரிடம் வரிசைக்கு முன்னால் வைத்தே கேட்டேன்: "இந்தச் சுகரை வச்சுக்கிட்டு கல்யாண வீட்டுப் பாயாசம் கேக்குதா?" நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதோடு வருவதை நிறுத்திவிட்டார். நாலு மாதம் கழித்து அவர் மருமகள் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவுக்குப் பெருவிரலை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் பேச்சால்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த நோட்டை ஆரம்பித்ததும் அதனால்தான். ஊர், பேர் எழுதப் போவதில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்று களப்பணி. பீடித் தெரு. வாசலுக்கு வாசல் பெண்கள் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கத்தரியால் இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றும்வரை கண் அங்கேயே இருக்கிறது, வாய் மட்டும் ஊர்க்கதை பேசுகிறது. 1000 ஓடினால்தான் முழுக்கூலி.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒரு மாத மாத்திரைக்காக இவர்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். இப்போது தன்னார்வலர் பெண் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறாள். பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு ஆச்சி வீட்டில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினாள் பாருங்கள், மூன்று மாத பிரஷர் மாத்திரை, அம்லோடிபின், அட்டை அட்டையாக அப்படியே இருக்கிறது. வீடு வரை வந்த மாத்திரை, வாய்க்குப் போக வேண்டிய கடைசி ஒரு முழத்தில் நின்றுவிட்டது.

"தலை சுத்துனா போடுவேன். நல்லாருக்கும்போது எதுக்குத் தாயி மாத்திரை?"

பார்த்தேன், 170/100. பக்கவாதம், கிட்னி என்று ஆரம்பிக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்: "தலை சுத்துன அன்னைக்கு என்னாச்சு ஆச்சி?"

"என்னாச்சா? 300தான் ஓடிச்சு. மிச்ச இலை காஞ்சு போச்சு." அதற்குப் பிறகு அவளே பேசினாள். போன மாதம் அப்படி நாலு நாள். கம்பெனிக் கணக்கில் குறைந்தது. பேத்திக்கு நோட்டு வாங்க மகளிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது. பக்கவாதத்துக்குப் பயப்படாத ஆச்சி, மகளிடம் கை நீட்டியதற்குக் கண் கலங்கினாள்.

மாத்திரையைப் பல்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பல்லு விளக்க ஒரு நேரமா எனக்கு? தட்டு எடுக்கதுதான் தெனம் ஒரே நேரம்." அட்டையை எடுத்துப் பீடித் தட்டில் நூல்கண்டுக்கும் கத்தரிக்கும் நடுவில் செருகிவிட்டாள். தூள் கையோடு பிரிக்காதீங்க, கழுவிட்டுப் போடுங்க என்பது மட்டும் என் ஆலோசனை.

ஜூன் 20, வெள்ளி

மாவட்டப் பயிற்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதிப் பேர் தூக்கம். பேசியவர் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிச் சொன்னார். குடிநோயாளிகளோடு வேலை செய்தவர். எதிர்த்து வாதாடினால் குடிப்பவர் தன் குடிக்கு வக்கீலாகிவிடுகிறார் என்று கண்டுகொண்டு, 1983ல் கட்டுரை எழுதினாராம். மாறுவதற்கான காரணம் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும், நாம் கேள்விதான் கேட்க வேண்டும் என்பது முறை. 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்று தமிழில் போட்டிருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி இருக்கிறது பெயர்.

ஒரு கேள்வி பிடித்தது. 'இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?' என்று கேட்பது. மூன்று என்றால், 'ஏன் எட்டு இல்லை?' என்று கேட்கக் கூடாதாம். அப்படிக் கேட்டால் சாக்குதான் வரும். 'ஏன் பூஜ்யம் இல்லை?' என்று கேட்க வேண்டுமாம்.

எங்கள் பதிவேட்டில் இதற்கு இருக்கும் கட்டம்: 'அறிவுரை வழங்கப்பட்டது: ஆம் / இல்லை.'

ஜூன் 24, செவ்வாய்

கொத்தனார் வந்தார். சாரத்தில், சிமெண்டுக் கலவையில், வெயிலில் எல்லாம் வெறுங்கால்தான். செருப்புப் போடுவது எவ்வளவு முக்கியம் என்று அந்தப் பத்துக் கணக்கில் கேட்டேன்.

"பத்துக்கு எத்தனையா? பரிட்சையா சிஸ்டர்?" பின்னால் நின்றவர் சிரித்தார். இந்த முறை சிரிப்பு என் பக்கம், பரவாயில்லை. "ரெண்டு போட்டுக்கிடுங்க. செருப்புப் போட்டா சாரத்துல வழுக்கும்."

"ரெண்டு எதுக்கு? சைபர் சொல்லியிருக்கலாம்லா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சைபர் எப்படிச் சொல்ல? எங்க மேஸ்திரிக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆணி குத்தினது தெரியலையாம். மூணு நாள் செருப்புக்குள்ளயே இருந்திருக்கு." சொல்லிவிட்டுத் தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

அப்புறம், சுகரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்கிற நைலான் இழையை எடுத்தேன். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. கண்ணை மூடச் சொல்லி, தொட்டால் 'ம்' என்று சொல்லுங்கள் என்றேன். முதலில் கையில் தொட்டுக் காட்டினேன், "ம்". பெருவிரலடியில் வைத்தேன், இழை வளைந்தது. சத்தம் இல்லை. அடுத்த விரலடி. இல்லை. குதிகால் பக்கம் வந்தபோது "ம்". கண்ணை மூடியபடியே கேட்டார்: "ஆரம்பிச்சாச்சா சிஸ்டர்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் வீட்டில் யாராவது பார்க்கட்டும் என்றேன். வீட்டுக்காரிக்குக் கண் சரியில்லை, சவரக் கண்ணாடி இருக்கிறது, அதைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்சுலின் போடுகிற அத்தைக்கு மூன்று மாதமாக சுகர் இறங்கவில்லை. கருப்பட்டிக் காப்பிதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன். "கருப்பட்டி சுகருக்கு நல்லதுல்லா" என்பது இந்தப் பக்கத்தில் வேதவாக்கு. உடன்குடிக் கருப்பட்டி என்றால் கேட்கவே வேண்டாம். நான் வாதாடவில்லை. காப்பிக்கு முன்னால் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மீட்டரில் பார்த்துவிடுவோம் என்றேன். 190 என்றது 262 ஆனது. அத்தை மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீனிக்கும் இதே கூத்துதான?" "அதே கூத்துதான் அத்தை." காப்பி ஒரு வேளையாகவும், கருப்பட்டி பாதியாகவும் ஆகிறது, அவரே சொன்னது.

எனக்கு உள்ளுக்குள் ரொம்பப் பெருமை.

ஜூலை 8, செவ்வாய்

பெருமை போயிற்று. அத்தைக்கு இன்று 310.

பழைய நானாக இருந்தால் 'ஒளிச்சு வச்சுக் குடிச்சீங்களா' என்று கேட்டிருப்பேன். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. வேறு வழி தெரியாமல், "வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க, நான் சும்மா பாக்கேன்" என்றேன்.

தூக்குவாளியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தார். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, மண்பானைத் தண்ணீருக்குள் டம்ளரில் வைக்கிறார், சரி. உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினார், குலுக்கவில்லை, சரி. சிரிஞ்சை எடுத்து மூடியைக் கழற்றினார்.

ஆரஞ்சு மூடி.

நாங்கள் கொடுப்பது சிவப்பு மூடி. புட்டியில் இருப்பது ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து. சிவப்பு மூடி சிரிஞ்சின் கோடுகள் அதற்கானவை. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கு. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி. இந்தப் புட்டியிலிருந்து என்றால் வெறும் 8 யூனிட். காலை 20, ராத்திரி 10 என்று எழுதிக் கொடுத்தோம். அத்தை ஒரு நாள் தவறாமல், கடிகாரம் பார்த்து, 8ம் 4ம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மவன் டவுன்ல வாங்கிட்டு வந்தான், இதுல ஊசி சன்னமா இருக்குன்னு" என்றார்.

மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும் அவர் வாயைத்தான் குற்றம் சொன்னேன். கையை ஒரு தடவை பார்க்கவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். சிரிஞ்சை மாற்றிவிட்டு உடனே 20 போட்டால் திடீரென்று இறங்கிவிடலாம் என்று, அளவைக் குறைத்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றச் சொன்னார். வியர்த்துக் கொட்டினாலோ கை நடுங்கினாலோ உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும் என்று அத்தைக்குச் சொன்னேன்.

"சீனி இல்லைன்னா?"

"கருப்பட்டியக் கரைச்சுக் குடிங்க."

"அப்போ கருப்பட்டி மருந்துதான், சொன்னா கேக்கீங்களா நீங்க" என்று அத்தை வெற்றியோடு எழுந்து போனார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. களப்பணியில் அந்தப் பெரியவர் வீட்டு வழியாகப் போக நேர்ந்தது. திண்ணையில் இருந்தார். பிரஷர் பார்க்கட்டுமா என்று கேட்டேன், கையை நீட்டினார். பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்குப் பாயாசம் சாப்பிடலம்மா நான்."

140/86. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

பீடி ஆச்சிக்கு 142/88. அட்டையில் எட்டு மாத்திரை போயிருக்கிறது, பத்து போயிருக்க வேண்டும். இரண்டு நாள் கம்பெனி லீவாம், தட்டே எடுக்கவில்லையாம். அவள் கணக்கில் அது தப்பே இல்லை. லீவு நாளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று அவளே யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

கொத்தனார் வேறு குண்டைப் போட்டார். அடுத்த செவ்வாய் அம்மன் கொடை. பூக்குழி இறங்குவதாக நேர்ந்திருக்கிறார், மகளுக்குக் குழந்தை தங்கியதற்கு. முடியாது, கூடாது என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொன்னால் இறங்கிவிட்டு என்னிடம் வராமல் இருப்பார். "தெரிஞ்ச காலோட இறங்குதவங்களுக்குச் சூடு சொல்லும், வேகமா போயிருவாங்க. உங்க காலு உங்ககிட்ட சொல்லுமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. சாமியாடுகிற கோமரத்தாடியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று போனார்.

ஜூலை 30, புதன்

காலை எட்டு மணிக்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருக்கிறார், காலில் புதுச் செருப்பு. என் வயிறு கலங்கிவிட்டது.

பூக்குழி இறங்கியது மகன். ஒரே ரத்தம்தானே, ஆத்தா ஏற்றுக்கொள்வாள் என்று கோமரத்தாடி சொல்லிவிட்டாராம். இவர் பால்குடம் மட்டும் எடுத்திருக்கிறார். ஆனால் கோயிலைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் தளம், மத்தியான வெயில், வெறுங்கால். ராத்திரி படுக்கும்முன் சவரக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பெருவிரலடியில் ஐந்து ரூபாய்த் துட்டு அளவுக்கு நீர் கோத்த கொப்புளம். "வலியே இல்ல சிஸ்டர். கண்ணாடில பாக்காட்டா தெரிஞ்சிருக்காது. உடைக்கல, வீட்டுக்காரி மஞ்சள் பத்துப் போட வந்தா, விடல."

மஞ்சள் பற்றுப் போட விடவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். அவர் வீட்டுக்காரியை நினைத்தால் அது சின்ன வேலை இல்லை.

சலைன் விட்டுத் துடைத்து, உலர்ந்த கட்டுப் போட்டேன். டாக்டர் பார்த்தார், டி.டி. ஊசி போட்டாயிற்று. சுகர் 168. ஒரு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றேன். மூணு நாள் என்றார். ஐந்து நாளில் முடிந்தது பேரம்.

"அதுக்கப்புறம் காங்கிரீட் வேலை இருக்கு. இந்தக் கட்டோட எந்தச் செருப்பு ஏறும்?"

பழைய பேப்பரை விரித்து அவரை நிற்கச் சொன்னேன். கட்டோடு சேர்த்துப் பாதத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன், விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை விட்டு. கடைக்காரரிடம் இதைக் கொடுங்கள், இந்தக் கோட்டை விடச் சின்னதாக எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள் என்றேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கொடைக்கும் எடுத்துப் போயிருந்தாராம்.