கழற்ற முடியாத பசையும் கவிழ்ந்த வாளியும்

என் முதல் தூண்டில் ராடின் நுனி கார் கதவில் மாட்டி முறிந்தது. பெரிய மீன் இழுத்து முறிந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கதை இருந்திருக்கும். முறிந்தது மூன்று விரல்கடை நீளம்தான். நரம்பு ஓடும் நுனி வளையத்தை உருவி, மிச்சமிருந்த தண்டில் செருகி, கைக்குக் கிடைத்த சூப்பர் குளூவைத் தாராளமாக விட்டேன். அரை நிமிடத்தில் கல்லாக இறுகிவிட்டது. அப்புறம்தான் ராடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மற்ற வளையங்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்க, இது மட்டும் இடப்பக்கம் தலை சாய்ந்து நின்றது.

அன்றிலிருந்து ஒரு சாமானில் கை வைக்கும் முன் எனக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: செய்ததைத் திரும்பக் கழற்ற முடியுமா? நுனி வளையத்துக்கு ஏற்றது ஹாட் குளூ, அதாவது சூடுபட்டால் இளகும் பசைக்குச்சி. முறிந்த முனையை உப்புத்தாளால் சமமாகத் தேய்த்து, அந்த விட்டத்துக்குப் பொருந்தும் வளையத்தை எடுத்து, பசையை உருக்கித் தடவிச் செருகிவிட்டு, இறுகுவதற்குள் மற்ற வளையங்களோடு நேர் பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். கோணலாகப் போனால் வளையத்தின் உலோகக் குழாயை மட்டும் லேசாகச் சூடுகாட்டி மறுபடி திருப்பலாம். தீயைத் தண்டில் நேராகக் காட்டிவிடாதீர்கள், கார்பன் இழையைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் கெட்டு, அடுத்த முறை அங்கேதான் முறியும். நுனி போன ராடு முன்னைவிட விறைப்பாக இருக்கும், மெல்லிய கடி கையில் தெரியாது. அதற்கு மட்டும் மருந்தில்லை.

வளையம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒரு சமயம் தொடர்ந்து லைன், அதாவது தூண்டில் நரம்பு, அறுந்துகொண்டே இருந்தது. முடிச்சைத்தான் சந்தேகப்பட்டேன். முள்ளைக் கட்டும் பாலோமர் முடிச்சைப் போட்டுப் போட்டுக் கை தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றிப் பார்த்தபோது நான்காவது வளையத்தில் பஞ்சு இழை மாட்டியது. உள்ளே இருக்கும் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழை விரிசல், அது ஒவ்வொரு வீச்சிலும் லைனைச் சீவிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை, பஞ்சைத் தவிர எதுவும் தேவையில்லை. புதிதாக ராடு வாங்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம்.

லைனைச் சுற்றி வைக்கும் ரீலைப் பிரிப்பது பற்றி: பிரியுங்கள், பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் ஒரு படம் எடுத்து, பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். நான் முதல் தடவை எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, மாட்டி முடித்த பிறகு கையில் ஒரு வாஷர் மிஞ்சிப்போய் ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். இன்னொரு தப்பு, கிரீஸ் நல்லதுதானே என்று எல்லா இடத்திலும் அப்பியது. கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்க உள்ளே ஓர் உருளை பேரிங் இருக்கும், அதில் கெட்டி கிரீஸ் போனால் உருளைகள் பிடிக்காமல் வழுக்கி, மீன் இழுக்கும் நேரம் பார்த்துக் கைப்பிடி பின்பக்கமாகச் சுழலும். பல்சக்கரத்துக்கு கிரீஸ், அந்த பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி, டிராக் (மீன் பலமாக இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக்) வாஷருக்கு அதற்கென்றே இருக்கும் கிரீஸ். இந்த மூன்றையும் கலக்காமல் இருந்தாலே பாதி ரீல்கள் பிழைத்துவிடும்.

இப்போது வாளி. 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியின் பக்கத்தில் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளை போல்ட் போட்டு மாட்டினால் ராடு நிறுத்த இடமாச்சு, மூடி மேல் உட்கார்ந்துகொள்ளலாம், உள்ளே சாமான் வைக்கலாம். நான் செய்தவற்றிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். முதல் நாள் கரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று இரை கோத்துக்கொண்டிருந்தேன், மீன் கடித்தது, ராடு வளைந்தது, கூடவே வாளியும் சாய்ந்து சாமான் பெட்டியும் தூண்டில் முள்ளும் ஈயமுமாகச் சேற்றில் கொட்டியது. வாளி காலி, டிராக் இறுக்கம், வேறென்ன நடக்கும்? இப்போதெல்லாம் போனதும் முதலில் வாளிக்குள் ஒரு பெரிய கல்லைப் போட்டுவிடுவேன். டிராக்கையும் கைத்தராசு மாட்டி இழுத்துப் பார்த்துத்தான் வைக்கிறேன்: லைன் தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். 4 கிலோ லைன் என்றால் ஒரு கிலோவைத் தாண்டியதும் ரீல் லைனை விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நசுங்கிய வாஷர் நசுங்கியபடியே இருந்துவிடும்.

வீட்டில் ஈயம் உருக்கி, லைனைத் தண்ணீரில் மூழ்க வைக்கும் குண்டு வார்ப்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு தடவை முயன்றேன், 327 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, அதனால்தான் சுலபமாகத் தோன்றுகிறது. அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது போல, உருகிய ஈயம் படீரென்று தெறித்துச் சட்டையில் ஓட்டை போட்டது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. புகையும் தூசியும் உடம்புக்கு நஞ்சு என்பது தனி. தண்ணீரில் விட்டுவந்த குண்டும் சும்மா கிடப்பதில்லை. பிரிட்டனில் அன்னங்கள் இரையை அரைக்க விழுங்கும் சிறு கற்களோடு இவற்றையும் விழுங்கிச் சாக, 1987இல் சின்ன ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றின் விற்பனையைத் தடை செய்தார்கள். நான் இப்போது பழைய நட்டுகளைத்தான் கட்டுகிறேன். இரும்பு ஈயத்தைவிட இலேசு, அதே எடைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பருமன் வரும், வீச்சில் காற்று கொஞ்சம் பிடிக்கும், சரி. மெயின் லைனைவிட மெல்லிய நரம்பில் நட்டைக் கட்டினால் பாறையில் சிக்கும்போது நட்டு மட்டும் போகும், மீனும் முள்ளும் கைக்கு வரும்.

முள்ளைப் பற்றி ஒரு வரி: நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செதிலைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனைத் திரும்ப விடுபவர்களுக்கு மட்டுமில்லை, என்றைக்காவது அது உங்கள் விரலில்தான் ஏறப்போகிறது.

முதல் ராடு இன்னும் இருக்கிறது. நழுவிய கைப்பிடிக்கு பேட்மிண்டன் மட்டையின் கிரிப் டேப் சுற்றியாயிற்று, இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்ட பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை. அந்த நுனி வளையம் மட்டும் அதே இடப்பக்கச் சாய்வோடு நிற்கிறது. யாராவது கேட்டால் காற்றுக்காக அப்படி வைத்திருக்கிறேன் என்கிறேன், இதுவரை இரண்டு பேர் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.