டாம்பரைக் கழற்றி வைத்த பிறகு நின்ற உதறல்

உயர்த்திய சுசுகி ஜிம்னி ஜீப்பின் முன்பக்க உதறல் ஒருவாறு நின்றுவிட்டது. ஸ்ரியரிங் டாம்பர் (ஸ்ரியரிங்கின் ஆட்டத்தை உள்வாங்கும் எண்ணெய்க் குழாய்) இல்லாமலே நின்றுவிட்டது என்பதைச் சற்றுச் சத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். யாழ்ப்பாணத்தில் இந்த வருத்தத்தோடு எந்தக் கராச்சுக்குப் போனாலும் முதலில் எழுதித் தரப்படும் மருந்து தடித்த டாம்பர்தான்.

வாகனம் ஜேபி43 வகை ஜிம்னி. ஐம்பது மில்லிமீட்டர் உயர ஸ்பிறிங், 235/75ஆர்15 மட் ரயர். என்னிடம் வந்தபோதே இந்தக் கோலம்தான். கொம்பனி டாம்பரின் இடத்தில் யாரோ லொறிக்குப் போடுவது போன்ற மஞ்சள் நிறக் குழாய் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். அது எண்ணெய் கக்கத் தொடங்கிய பிறகுதான் உள்ளே எவ்வளவு காலமாக உதறல் ஒளிந்திருந்தது என்பது தெரிந்தது. ஏ9 வீதியில் கொடிகாமம் தாண்டிப் பளைப் பக்கம் போகும்போது, ஒட்டுப்போட்ட தார் மேட்டில் இடது சில்லு ஏறி இறங்கினால் போதும். ஸ்ரியரிங் கையை உதறிவிட்டுத் தானே ஆடும். கண்ணாடி, டாஷ்போர்ட், பல் எல்லாம் சேர்ந்து ஆடும். முப்பதுக்குக் கீழே இறக்கினால்தான் அடங்கும். முள் 65 காட்டும்போது தொடங்கும். ஆனால் கொம்பனி ரயர் 205/70ஆர்15. விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீட்டர். இப்போது இருப்பது 733. ஆகவே முள் 65 என்றால் உண்மையான வேகம் 71. இந்த வித்தியாசத்தை மனதில் வைக்காமல் "எனக்கு 60 இல் தொடங்குகிறது, உனக்கு 70 இல் தொடங்குகிறது" என்று வாதாடுவதில் பயனில்லை.

முதல் வேலையாக அந்த மஞ்சள் குழாயைக் கழற்றி மூலையில் போட்டேன். ரயர் கடைத் தம்பி பதறினார். "அண்ணை, டாம்பர் இல்லாமல் ஓடினால் சில்லு கழன்றுவிடும்" என்றார். கழன்றுவிடும் நிலையில் ஏதாவது இருந்தால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது என்று சொன்னேன். டாம்பர் இருக்கும்வரை எந்தப் பாகம் தளர்ந்திருக்கிறது என்பதை அது மறைத்துவிடும். அதற்குள் தளர்வு, சில்லுகளை இணைக்கும் ரை றொட்டின் முனைகளையும் ஸ்ரியரிங் பெட்டியையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கும். சோதனை ஓட்டங்களை மட்டும் ஒழுங்கைகளிலும், காலை நேரத்து வெறும் வீதியிலும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு முன்சில்லும் ஒரே அக்சிலில் பிணைந்திருக்கும் ஒற்றை அக்சில் வாகனத்தில் ஒரு சில்லு மேட்டில் ஏறினால் அக்சில் முழுவதும் சரிகிறது. வேகமாகச் சுழலும் சில்லைச் சரித்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். திரும்பினால் மறுபடி சரிவைத் தூண்டும். இரண்டு சில்லும் ஒரே ரை றொட்டில் கட்டப்பட்டிருப்பதால் இரண்டும் சேர்ந்தே ஆடும். இந்தக் கொடுக்கல் வாங்கலை எங்கேயாவது ஓர் உராய்வு விழுங்கவேண்டும். விழுங்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் வளரும். 1920களின் கார்களிலும் இதே தொல்லைதான். 1934 இல் ஜெனரல் மோட்டர்ஸ் முன்சில்லுகளைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதற்கு இந்த ஆட்டமும் ஒரு காரணம். நாங்கள்தான் பிடிவாதமாக ஒற்றை அக்சிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். விட மனமும் இல்லை.

ஜிம்னியில் அந்த உராய்வைத் தரவேண்டியது கிங்பின், அதாவது சில்லு இடம் வலமாகத் திரும்பும் அச்சு. மேலே ஒரு ரேப்பர் பெயாரிங், கீழே ஒன்று, இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம். அந்த அழுத்தம் போய்விட்டால் அதன் வேலையைச் செய்ய வெளியே டாம்பர் தேவைப்படுகிறது. கராச்காரர்களின் மருந்து பொய்யல்ல, ஆனால் வருத்தம் வேறிடத்தில்.

ரயர் பலன்ஸ், முன்பின் மாற்றிப் பார்த்தல், காற்றுக் குறைத்தல் எல்லாவற்றையும் இந்த வட்டத்தில் உள்ளவர்கள் செய்திருப்பார்கள், அவற்றுக்குள் போகவில்லை. ரயரை முன்பின் மாற்றியபோது தொடங்கும் வேகம் சற்று நகர்ந்தது, உதறல் அப்படியே இருந்தது. அதாவது ரயர் தீப்பெட்டி, வெடிமருந்து வேறெங்கோ.

ஆட்டம் பிரேக் அழுத்திப் பார்க்கும் சோதனையில் பிடிபட்டது. சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன்; நன்றாகவே ஆடியது. பக்கத்து வீட்டுத் தம்பியை உள்ளே இருத்திப் பிரேக்கை அழுத்தச் சொன்னேன். பிரேக் அழுத்தினால் சில்லு, அது பூட்டப்படும் ஹப், கிங்பின்னில் திரும்பும் நக்கிள் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆட்டம் மறைந்தால் ஹப் பெயாரிங், மறையாவிட்டால் கிங்பின். மறையவில்லை. இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு ஹப் பெயாரிங் செற்றாகவே மாற்றியவர்களை நான் அறிவேன்.

கழற்றியதும் கீழ்ப் பெயாரிங்கில் கிறீஸ் இல்லை, சாம்பல் நிறக் கூழ் இருந்தது. உள் ஒயில் சீல் கசிந்து டிஃப் (டிஃபரென்ஷியல்) ஒயில் கிறீஸைக் கழுவியிருக்கிறது. மிச்சத்தைக் கடல்நீர் பார்த்துக்கொண்டது. வெளி வளையத்தில் உருளைகளின் தடம் வரிவரியாகப் பதிந்து கிடந்தது. சில்லு நேராக இருக்கும் இடத்தில்தான் பள்ளம் ஆழம். கையால் நக்கிளைத் திருப்பினால் நடுவில் ஒரு தடக்கு. இந்தப் பள்ளம் இருக்கும்வரை அழுத்தத்தைக் கூட்ட எத்தனை ஷிம்மை (இடைவெளியில் வைக்கும் மெல்லிய தகடு) கழற்றினாலும் பயனில்லை. முன்னையவர்கள் மேல்பக்க ஷிம் அத்தனையையும் கழற்றியிருந்தார்கள். அழுத்தம் பிறகும் இல்லை.

பெயாரிங் வாங்கிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. பட்டணத்துக் கடையொன்றில் பளபளப்பான பெட்டியில் ஜப்பான் எழுத்தோடு தந்தார்கள். வீட்டில் திறந்தால் உருளைகள் கூட்டுக்குள் கலகலக்கின்றன, வெளி வளையத்தின் விளிம்பில் கடைசல் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. திருப்பிக் கொடுத்தேன், முகம் சுளித்தார்கள், ஆனால் பணம் தந்தார்கள். பிறகு கொழும்பு போன உறவினரிடம் சொல்லிப் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுப்பித்தேன். விலை இரட்டிப்பு. அங்கேயும் பெட்டியை நம்பாமல் உருளையைச் சுழற்றிப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தேன். அவர் கடைக்காரரிடம் என்ன பேச்சு வாங்கினாரோ, சொல்லவில்லை.

இனி நான் நாட்களைத் தின்ற இடம்: அழுத்தத்தை அளப்பது. ரை றொட்டைக் கழற்றி, அக்சில் தண்டையும் வெளியே எடுத்து, பின்பக்க ஃபெல்ட், ரப்பர் சீல் எதுவும் போடாமல், நக்கிளின் ரை றொட் துளையில் தராசைக் கொளுவிச் செங்கோணத்தில் இழுக்கவேண்டும். நக்கிள் அசையத் தொடங்கும் கணத்தில் 1.0 இலிருந்து 1.8 கிலோவுக்குள் காட்டவேண்டும். இந்தக் கணக்குப் பலருக்கும் தெரியும். அளப்பவர்கள்தான் இல்லை. "கையால் திருப்பினால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் சரி" என்பார்கள். சீலைப் போட்ட பிறகு கையால் திருப்பினால் செத்த பெயாரிங்கும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

தராசு மீன் சந்தையில் தொங்குவது போன்ற சுருள்வில் தராசு, சிறியது, ஐந்து கிலோ. எண்ணியல் கொளுவித் தராசை முதலில் கொண்டுவந்தேன். அது இலக்கங்களைக் குதிக்கவிட்டு, அசைந்த கணத்தைக் காட்டாமல் ஓய்ந்தபிறகு காட்டியது. சுருள்வில்லில் முள் ஏறி, நக்கிள் அசைந்ததும் சற்றுப் பின்வாங்கும். அந்த உச்சம்தான் வேண்டிய அளவு. ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களைத் தொங்கவிட்டு முள்ளைச் சரிபார்த்துக்கொண்டேன்.

இடது பக்கம் பெரிதாக வதைக்கவில்லை. புது வளையங்களைப் பித்தளைக் குத்தியால் சமமாக இறக்கி, மெல்லிய எண்ணெய் மட்டும் தடவி, போல்ட்டுகளை மாறிமாறி இறுக்கி, நக்கிளை இரு பக்க முடிவுக்கும் பலமுறை திருப்பி உருளைகளை இருத்திய பிறகு இழுத்தேன். 1.6. திருப்பி இருத்தாமல் இழுத்தால் 2.3 காட்டும், அதை நம்பி ஷிம் சேர்த்தால் ஒரு கிழமை ஓட்டத்தில் அழுத்தம் போய்விடும்.

வலது பக்கம் பிடிவாதம். ஷிம் இருந்தால் 0.9, ஒரு 0.1 மில்லிமீட்டர் ஷிம்மை எடுத்தால் 2.6. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. சுன்னாகத்தில் லேத் வைத்திருக்கும் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மைக்ரோமீட்டரை எடுத்து ஷிம்களை ஒவ்வொன்றாக அளந்தார். 0.1 என்று விற்கப்பட்டவற்றில் ஒன்று 0.09, இன்னொன்று 0.12, மூன்றாவதன் விளிம்பில் பிசிறு இருந்ததால் இன்னும் கூட. "தம்பி, பெயருக்கு ஒரு கணக்கு, இரும்புக்கு ஒரு கணக்கு" என்றார். பிசிறைக் கண்ணாடியில் வைத்த நீர்த்தாளில் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்) தேய்த்து எடுத்தார். பிறகு 0.05 பித்தளைத் தகட்டில் ஒரு ஷிம் வெட்டித் தந்தார். துளைகளைக் குத்தும்போது தகடு நெளியாமல் இருக்க இரண்டு தடித்த தகடுகளுக்கு நடுவே வைத்துத் துளைத்தார்; எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. பூட்டினேன், இருத்தினேன், இழுத்தேன். 1.7. இடது பக்க அளவோடு கிட்டத்தட்டச் சமன். இரு பக்கமும் சமனாக இருக்கவேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை, ஆனால் எனக்கு அது பிடிக்கும்.

இதோடு தொண்ணூறு வீதம் நின்றுவிட்டது. மிச்சம், அக்சில் பக்கவாட்டில் நகராமல் சட்டகத்தோடு பிடிக்கும் பனார்ட் றொட்டில். எஞ்சினை ஓடவிட்டு, சில்லு நிலத்தில் இருக்க, தம்பி ஸ்ரியரிங்கைச் சிறிய அளவில் அங்குமிங்கும் ஆட்ட, நான் சட்டகப் பக்கத் துளையில் விரலை வைத்தேன். போல்ட் துளைக்குள் அசைவது விரலில் தெரிந்தது. புஷ் (ரப்பர் உறை) நல்லது, துளைதான் நீள்வட்டமாகிவிட்டது. தளர்ந்த போல்ட்டோடு யாரோ பலகாலம் ஓடியிருக்கிறார்கள். இதற்கு வெல்டிங் தவிர வழியில்லை: சரியான துளையோடு தடித்த தகட்டு வளையங்களை இரு பக்கமும் ஒட்டி, போல்ட்டை வாகனம் தன் எடையில் நிற்கும்போது இறுக்கினேன். தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஆனையிறவுவரை போய் வந்தேன். அதே ஒட்டுத் தார், அதே வேகம். ஒரு குலுக்கல், முடிந்தது. டாம்பர் இன்னும் மூலையில்தான். எல்லாம் முடிந்தபின் கொம்பனி அளவு டாம்பரைப் பூட்டுவேன். அதன் உண்மையான வேலை கல் அடியைக் கையில் ஏறாமல் தடுப்பது.

காஸ்ரர், அதாவது கிங்பின் அச்சின் முன்பின் சாய்வு, இன்னும் மிச்சம். உயர்த்தியதால் அக்சில் முன்பக்கம் கவிழ்ந்திருக்கிறது. அக்சிலைச் சட்டகத்தோடு பிணைக்கும் பக்கக் கை ஏறத்தாழ எழுபது சென்ரிமீட்டர். ஐந்து சென்ரிமீட்டர் உயரம் என்றால் நான்கு பாகை கவிழும். கிங்பின் மூடியில் கைபேசியின் சாய்வுமானியை வைத்தால் காஸ்ரர் பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் நிற்கிறது. ஸ்ரியரிங் திருப்பி விட்டால் தானாக நேராகாததற்கு இதுதான் காரணம். மையம் விலகிய துளையுள்ள புஷ் செற் அவுஸ்திரேலியாவில் தாராளமாகக் கிடைக்கிறது. மைத்துனர் ஆடித் திருவிழாவுக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய புஷ்ஷை அமுக்கி எடுக்க நல்ல பிறஸ் வேண்டும். சுன்னாகத்து ஐயாவிடம் இருப்பது கைப்பிறஸ், போதுமா என்பதில் அவருக்கே சந்தேகம். காஸ்ரரை அளவுக்கு மேல் கூட்டவும் கூடாது. கூட்டினால் ஸ்ரியரிங் கனக்கும், உதறலும் வேறு வாசலால் திரும்பி வரும். அந்தச் செற் எத்தனை பாகை தருகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அறுக்கத் தொடங்குவேன்.

அதற்கிடையில் மணற்காட்டு மணற்குன்றுகளுக்குப் போகும் எண்ணமும் இருக்கிறது. அங்கே ரயர் காற்றை நன்றாகக் குறைக்கவேண்டும். திரும்பும்போது தார் வீதியில் காற்றை ஏற்ற ஒரு சிறிய கொம்பிரசர் தேடுகிறேன். 12 வோல்ற், நேரே பற்றறியில் கொளுவுவது. சிகரெட் துளையில் கொளுவுபவை இந்த ரயருக்கு மூச்சு வாங்கும். யாராவது யாழ்ப்பாணத்தில் நல்லதாக ஒன்று வைத்திருந்தால், விலையை அல்ல, ஒரு ரயருக்கு எத்தனை நிமிடம் எடுக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.