ஓமும் ஆமாவும்

போன சனிக்கிழமை இரவு இங்கே, இலங்கையின் வடக்கில் மாங்குளத்தில், நல்ல மழை. கரண்ட் இரண்டு தரம் போய்வந்தது, அதற்குள்ளே 'தி கிளாஸ்' என்ற பிரெஞ்சுப் படத்தை ஒருமாதிரிப் பார்த்து முடித்தேன். லோரோன் கான்தே இயக்கி 2008இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம். பாரிஸில் ஒரு பாடசாலை, பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு பிரெஞ்சு ஆசிரியர், ஒரு வருடம், அவ்வளவுதான் கதை. ஆசிரியராக நடிக்கும் பிரான்சுவா பெகோதோ முன்பு உண்மையிலேயே படிப்பித்தவர், மூலநாவலும் அவர் எழுதியதுதான். பிள்ளைகளும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. பார்த்தால் தெரியும், பொய்யாக ஒரு கொட்டாவிகூட இல்லை.

ஆசிரியர் உதாரண வசனத்தில் 'பில்' என்று ஒரு பெயர் எழுதுகிறார். ஏன் எப்பவும் இப்படிப் பெயர்தானா, எங்கள் பெயர்களைப் போட்டால் என்ன என்று பெட்டைகள் பிடித்துக்கொள்கிறார்கள். நான் கரும்பலகையில் எழுதும் கண்ணனும் கமலாவும் நினைவுக்கு வந்தார்கள். என் வகுப்பில் பாத்திமாவும் இருக்கிறாள்.

ஆனால் என்னால் தாங்க முடியாமல் போனது சுலைமான் என்ற மாணவன் மீது நடக்கும் ஒழுக்காற்று விசாரணைதான். சுலைமானின் அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. மகன் நல்லவன், வீட்டில் உதவி செய்கிறவன் என்று தன் மொழியில் சொல்கிறார். அதை மொழிபெயர்க்க வேறு யாரும் இல்லை. தன்னை விலக்கப்போகிற ஆட்களுக்கு முன்னால் அந்தப் பெடியனே சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பில் சண்டைபிடித்த அதே ஆசிரியரும் அந்தக் குழுவில் இருக்கிறார். கடைசியில் விலக்கித்தான் விடுகிறார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கம் 1977 இனக்கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்களின் பேரப்பிள்ளை ஒருத்தி என் எட்டாம் வகுப்பில். முதல் தவணையில் ஏதோ கேட்டதற்கு "ஆமாங்க டீச்சர்" என்றாள், வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பார்த்து, "ஓம் ரீச்சர் என்று சொல்லப் பழகு பிள்ளை" என்றேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஆமாவுக்கு ஓம்தான். அன்பாகத்தான் சொன்னேன், அதுதான் இன்னும் குத்துகிறது. நானும் அவளும் பேசுவது ஒரே தமிழ், பாரிஸில் மாதிரி வேறு மொழிகூட இல்லை.

அன்றைக்குப் பிறகு அவள் ஓமும் சொல்வதில்லை, ஆமாவும் சொல்வதில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.