செவலையின் தையல் புண்ணும் ஒரு கல்ச்சர் டெஸ்ட்டும்

நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, தையல் ஆறாமல் சீழ் கோத்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடு பாபநாசம் பக்கம். செவலை எங்கள் வீட்டு நாட்டு நாய், பெட்டை. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மறுநாளே எழுந்து சோறு தின்றாள். ஒரு வாரம் போனதும் தையலின் கீழ்முனை சிவந்து வீங்கியது. அழுத்தினால் மஞ்சளாகச் சீழ் வந்தது.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். குறைவது போல இருந்து மறுபடி வடிந்தது. அப்புறம் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரை, அதற்கப்புறம் செஃப்போடாக்சிம். விலை ஏறிக்கொண்டே போனதுதான் மிச்சம்.

பக்கத்து ஊரில் பணி ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் இருக்கிறார். மருந்துச் சீட்டுகளை எல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, "பேருதான் வேற வேற தம்பி, மூணும் பென்சிலின் வகையறாதான். ஒண்ணுக்கு மசியாத கிருமி மத்த ரெண்டுக்கும் ஏன் மசியும்? இன்னொரு மருந்து எழுத எனக்கு ஒரு நிமிஷம் போதும். முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துடுவோம்" என்றார். சீழில் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டைத்தான் சொன்னார்.

செவலைக்குக் காய்ச்சல் இல்லை, சாப்பாடும் குறையவில்லை. அதனால் சில நாள் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைத்துவிட்டுத்தான் சாம்பிள் எடுத்தார். மருந்து உடம்பில் ஓடும்போது எடுத்தால் கிருமி தட்டில் வளராமல் போகலாம். மேலே காய்ந்திருந்த சீழை அவர் சாம்பிளுக்கு எடுக்கவே இல்லை. அதைச் சலைனால் கழுவித் துடைத்துத் தள்ளிவிட்டு, புண்ணின் ஆழத்தில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றினார். வெளியே இழுக்கும்போது தோலிலோ முடியிலோ பட்டுவிடக் கூடாது என்று என்னை விரலால் ஓரத்தை விரித்துப் பிடிக்கச் சொன்னார். மேலாகத் துடைத்து எடுத்தால் தோலில் சும்மா குடியிருக்கும் கிருமிகள்தான் ரிப்போர்ட்டில் வரும்.

முதலில் டவுனில் மனிதர்களுக்கான லேப் ஒன்றில் கொடுத்தோம். நாய் சாம்பிளா என்று யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். 'ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், செஃபாக்சிட்டினுக்குக் கட்டுப்படுகிறது' என்று ரிப்போர்ட் வந்தது. முதலில் இருப்பது கிருமியின் பெயர், செஃபாக்சிட்டின் அதே பென்சிலின் வகையறா மருந்து. அதன்படி பார்த்தால் நாங்கள் கொடுத்த மருந்துகளே கேட்டிருக்க வேண்டும். டாக்டர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரத்தநாடு போய்ட்டு வாங்க" என்றார். 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. புதிதாக எடுத்த சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினேன். தஞ்சாவூர் தாண்டிப் போக வேண்டும்.

கிருமி வளர ஒரு நாள், வளர்ந்ததை எடுத்து மருந்துத் தட்டில் பூசிப் பார்க்க இன்னொரு நாள். அவசரப்படுத்தினால் நடக்காத வேலை. பூசிய தட்டின்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைப்பார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் அந்த வட்டத்தைச் சுற்றித் தெளிவாக வெற்றிடம் விழும். எங்கள் தட்டை எட்டிப் பார்க்க விட்டார்கள். முக்கால்வாசி வட்டங்களின் விளிம்புவரை கிருமி படர்ந்திருந்தது.

ரிப்போர்ட்டில் இருந்த பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ், மெத்திசிலினுக்கு (இதுவும் பென்சிலின் வகையறாதான்) கட்டுப்படாத ரகம். நாய்களின் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாக இருக்கிற கிருமிதான், 2005-ல்தான் இதைத் தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். சாதாரணச் சோதனைகளில் ஆரியஸ் போலவே தெரியும். ஆரியஸுக்கு மெத்திசிலின் எதிர்ப்பு உண்டா என்று செஃபாக்சிட்டின் வைத்துப் பார்ப்பது சரியான முறை. இந்த நாய்க் கிருமிக்கு அது ஏமாற்றிவிடும், ஆக்சசிலின் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டவுன் லேப்பில் மனிதர்களுக்கான விதிப்படி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பென்சிலின் வகையறா மருந்துகள் போய்ப் பிடிக்கிற புரதத்துக்குப் பதிலாக 'மெக்-ஏ' என்ற மரபணு வேறொரு புரதத்தைச் செய்து தந்துவிடுகிறது. பூட்டையே மாற்றிவிட்டால் பழைய சாவிக்கொத்தில் எதைப் போட்டு என்ன?

'எஸ்' என்று, அதாவது கட்டுப்படும் என்று வந்தவற்றில் அமிக்காசினும் லினசோலிடும் இருந்தன. சரி, இதில் ஒன்றை எழுதுவார் என்று நினைத்தேன். டாக்டர் இரண்டையும் எழுதவில்லை. லினசோலிட் மனிதர்களுக்கு வேறு வழியில்லாதபோது கொடுக்க வைத்திருக்கும் மருந்து, காய்ச்சல்கூட இல்லாத நாயின் தோல் புண்ணுக்கு அதைத் தொடமாட்டேன் என்றார். அமிக்காசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், சீழுக்குள் சரியாக வேலையும் செய்யாது. செவலைக்கு மயக்கம் கொடுத்துப் புண்ணைத் திறந்தார். உள்ளே கரையாத நூல் முடிச்சு ஒன்று சீழில் ஊறிக் கிடந்தது. நூலில் கிருமி படலம் கட்டி ஒட்டிக்கொண்டால் மருந்து சரியாக வேலை செய்யாதாம். அதை வெட்டி எடுத்து, 0.05 சதவீதத்துக்கு நீர்த்த குளோர்ஹெக்சிடினால் கழுவி, தைக்காமல் திறந்தே விட்டார். தினமும் கழுவல், கட்டு, நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. ஆன்டிபயாடிக் கிடையாது. உள்ளிருந்து சதை வளர்ந்து புண் தானாகவே மூடியது. எனக்கே நம்பிக்கை இல்லாமல் செய்த வைத்தியம் இது.

அவர் கிளினிக்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்களை எப்போதும் கடைசியாகத்தான் கூப்பிட்டார், அதுவரை நாங்கள் வாசலில் வேப்பமரத்தடியில். மேஜையில் கிருமிநாசினி தெளித்தால் உடனே துடைக்க மாட்டார், டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு வரை ஈரமாகவே விடுவார். முடி வெட்டும் மெஷினின் பிளேடைக் கழற்றித் தனியாக ஊறப்போடுவார். ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு இந்தக் கிருமி நேரடியாக உரசுவதால் மட்டுமல்ல, இப்படிப்பட்ட பொருள்கள் வழியாகவும் நம் கை வழியாகவும் ஏறும். செவலைக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் ஒட்டியதா, அவள் தோலிலேயே முன்பிருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் யார்மீதும் பழி போடவில்லை.

வீட்டில் பெரிய கவலை அப்பா. சர்க்கரைக்காரர், காலில் ஆறாத புண். இந்தக் கிருமி மனிதர்களுக்கு வருவது அபூர்வம், ஆனால் புண் இருப்பவர்கள் ஒதுங்கி இருப்பது நல்லது என்றார் டாக்டர். அப்பாவிடம் சொன்னால் கேட்பாரா? "அது என்னை நக்காம தூங்காதுடா" என்று சண்டை. கடைசியில் செவலையைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றினோம். கட்டு மாற்றுவது நான் மட்டும், கையுறை போட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவி. அவள் படுத்த சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்தோம்.

புண் ஆறினாலும் கிருமி மாதக்கணக்கில் நாயின் உடம்பில் ஒட்டியிருக்கக்கூடும். அதனால் வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் போவதற்கு முன் போன் செய்து, இவளுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்தில் முகம் சுளித்தார்கள். இன்னொரு இடத்தில் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவரச் சொல்லி, மாலை கடைசி டோக்கன் கொடுத்தார்கள். இப்போது அங்கேதான் போகிறோம்.