மணிக்கு ஐந்து பெயர்

நேற்று எங்கள் தெருவில் நாய்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி முகாம் நடந்தது. நாய்களைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள்.

யோசனை எங்கள் சின்னவளுடையது. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினமாம். அதை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் வைத்தால் நம் பகுதி நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டுவிடலாம், நூற்றுக்கு எழுபது நாய்களுக்குப் போட்டாலே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று சாப்பாட்டு மேஜையில் விளக்கினாள். எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து, "மீதி முப்பது?" என்றார். வங்கியில் வேலை பார்த்தவர். எந்தக் கணக்கிலும் மீதிதான் அவர் கண்ணில் முதலில் படும்.

சின்னவள் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டது ஒரு மேஜை, நான்கு நாற்காலி, கொஞ்சம் நிழல். சங்கச் செயலாளர் மாமாவின் காதில் அது விழுந்த விதமே வேறு. ஷாமியானா, மேடை, இரண்டு ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, பொன்னாடைகள், காலைச் சிற்றுண்டி என்று அவர் எழுதிய பட்டியலில் நாய் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பதாகை வந்து இறங்கியது. சங்க நிர்வாகிகள் அத்தனை பேரும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொருளாளரின் காலடியில் தபால்தலை அளவுக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு. நங்கநல்லூரில் எங்கள் தெரு உருவான நாள்முதல் அந்த இனத்து நாய் எதுவும் அங்கே காலடி வைத்ததில்லை.

முகாமுக்கு முன்பு கணக்கெடுப்பு. பெயர், நிறம், ஆணா பெண்ணா, காதில் வெட்டு உண்டா, சோறு போடுபவர் யார் என்று கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு சின்னவளும் அவள் தோழிகளும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எங்கள் தெருவில் மட்டும் பத்தொன்பது நாய்கள் என்று முடிவு வந்தது. நான் தினமும் கோலம் போடுகிறவள். வாசலில் பத்தொன்பது நாய்கள் திரிந்திருந்தால் என் கோலத்தில் ஒரு புள்ளியாவது மிஞ்சியிருக்குமா?

விசாரித்தால், எங்கள் வீட்டு மணிதான் எதிர் வீட்டில் டைகர். மாடி வீட்டு அத்தைக்குப் பைரவர். டீக்கடையில் பன்னு. இஸ்திரி வண்டிக்காரருக்குக் கரியன். ஐந்து பெயருக்கும் வாலாட்டும். ஐந்து இடத்திலும் சாப்பிடும். மாடி வீட்டு அத்தை, "பைரவர் சுத்த சைவம், சனிக்கிழமை தயிர்சாதம் மட்டும்தான்" என்று தாளில் குறிப்பே எழுதச் செய்திருக்கிறார். அதே சனிக்கிழமைகளில் பைரவர் பிரியாணிக் கடைக்குப் பின்புறம் எலும்போடு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அத்தையின் இரத்த அழுத்தத்தை நினைத்துச் சொல்லவில்லை.

முகாமன்று காலை ஒரு விலங்குநல அமைப்பிலிருந்து நாய் பிடிக்கிறவர் வலையோடு வந்து இறங்கினார். கூட ஓர் உதவியாளப் பையன். பட்டியலை ஒருமுறை படித்தார். தெருவை ஒருமுறை பார்த்தார்.

"அம்மா, இது நாய்ப் பட்டியலா, வாக்காளர் பட்டியலா?"

எட்டு மணிக்கு நிகழ்ச்சி. சிறப்பு விருந்தினர் வர ஒன்பதே கால். அதுவரை ஒலிபெருக்கியை வீணாக்கக் கூடாதென்று செயலாளர் மாமா தலைமையுரையைத் தொடங்கிவிட்டார். ரேபிஸுக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டரின் பிறந்தநாளை நாம் இன்று கொண்டாடுகிறோம் என்றார். கைதட்டினோம். செப்டம்பர் 28 அவர் இறந்த நாள், 1895இல், என்று கால்நடை மருத்துவர் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். அதற்கும் கைதட்டினோம்.

அந்த மருத்துவர், எங்கள் பெரியவள் வயதுதான் இருக்கும், நல்ல விஷயம் நிறையச் சொன்னார். நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. பிறகு ஊசி, கையில்தான், மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல். நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக முடியாத காரியம், அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. மாடி வீட்டு அத்தை எழுந்து, "காப்பித்தூள் வைக்கலாமா?" என்றார். மருத்துவர் மறுபடியும் சோப்பிலிருந்து ஆரம்பித்தார்.

கையில் ஊசி என்றதும் எங்கள் மாமனார் எழுந்துவிட்டார். இதைத் தடுத்து நிறுத்தும் சக்தி எங்கள் குடும்பத்தில் எவருக்கும் கிடையாது. சிறுவயதில் அவரை நாய் கடித்திருக்கிறது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பெண் பார்க்க வந்த இடத்தில் என் அப்பாவிடம் சொன்னபோது பதினான்கு. என் மைத்துனன் கல்யாணத்தில் பதினாறு. நேற்று இருபத்தொன்று. பனியனைத் தூக்கி இடம்வேறு காட்டினார். மருத்துவருக்கு ஒரே உற்சாகம். அது செம்பிள் தடுப்பூசியாக இருக்கும், ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில்கூடச் செய்தார்கள், 1907இல் தொடங்கிய பழைய நிறுவனம் என்று அடுக்கினார். மாமனார் பனியனை இறக்கிவிட்டார். ஆட்டு மூளை என்ற சேதியை அவரிடம் இத்தனை வருடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாமனாரைப் பெற்ற பாட்டி வெங்காயம்கூடத் தொடாமல் வாழ்ந்து போய்ச் சேர்ந்தவர். நல்லவேளை.

இதற்குள் கடைசி வீட்டு மாமா தன் கேள்வியோடு வந்தார். எந்தக் கூட்டமானாலும் அவர் கேள்வி ஒன்றுதான்: "பிடிக்கிறீர்கள் சரி, எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?" ஊசி போட்டு இங்கேயே விடுவார்கள், விதியே அப்படித்தான் என்று சின்னவள் சொன்னாள். அந்தக் காது வெட்டு எதற்கு என்றார். சண்டையில் கிழிந்தது என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறார். கருத்தடை முடிந்த அடையாளம் அது. இந்தச் சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்புக்காரர்கள் 1964இலேயே நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பித்தார்கள், 1996இல் மாநகராட்சியும் எடுத்துக்கொண்டது, பிடித்துக் கொல்வதால் நாய் குறையவில்லை என்று கண்ட பிறகுதான் என்றெல்லாம் சின்னவள் மூச்சுவிடாமல் சொன்னாள். மாமா அசையவில்லை. கடைசியில், "இவற்றைக் கொண்டுபோய்விட்டால் காலி இடத்துக்கு ஆதம்பாக்கத்து நாய்கள் வரும், மாமா" என்றாள். மாமாவின் முகம் மாறியது. "ஆதம்பாக்கமா? வேண்டாம், வேண்டாம். நம் நாய்களே இருக்கட்டும்."

சிறப்பு விருந்தினரின் கார் தெருமுனையில் திரும்பியது. பொருளாளரின் சகலை வாசலில் சுருள் பிரித்து வைத்திருந்த பத்தாயிரம் வாலா சரவெடிக்குத் தீ வைத்தார்.

நாய்களுக்கான முகாம். சரவெடி. இரண்டையும் ஒரே மூளையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படித் தீப்பெட்டியை உரசினார் என்பது எனக்கு இந்த நிமிடம்வரை விளங்கவில்லை. இரண்டு மணி நேரமாகப் பொறை போட்டுச் சேர்த்து வைத்திருந்த நாய்கள் ஒரு நொடியில் மாயமாயின. பாதி பழவந்தாங்கல் ரயில் நிலையத்துப் பக்கம் ஓடின. மீதி செங்கல்பட்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. காரில் வந்திருந்த பணக்கார லாப்ரடார் ஒன்றைச் சிறப்பு விருந்தினரின் நாற்காலிக் காலில் கட்டியிருந்தார்கள். அது நாற்காலியோடு போய்விட்டது. நாற்காலியில் பொன்னாடைகள் இருந்தன.

புகை அடங்கியபோது மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் நின்றுகொண்டே, வாயில்லா ஜீவன்களைத் திரளாகக் கண்டதில் மகிழ்ச்சி என்று எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே வாசித்தார்.

நாய் பிடிக்கிறவர் ஒன்றும் பேசவில்லை. வலையை மடித்து டீக்கடைப் படியில் வைத்துவிட்டு ஒரு பீடியைக் கையில் எடுத்தார், பற்றவைக்கவில்லை. "அம்மா, இவர்களை எப்படியாவது உள்ளே அனுப்புங்கள். மைக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார். உள்ளே அனுப்புவது எனக்கு ஒரு வேலையே இல்லை. செயலாளர் மாமாவின் மனைவியிடம் சொன்னேன். "பொங்கல் ஆறுகிறது" என்று அவர் குரல் கொடுத்ததுதான் தாமதம், நன்றியுரை பாதியில் நின்றது.

எல்லோரும் சங்கக் கட்டடத்துக்குள் பந்தியில் உட்கார்ந்த பிறகு, எச்சில் இலை போடும் இடத்துக்கு வடை வாசனை பிடித்து ஒவ்வொன்றாக நாய்கள் திரும்பின. நாய் பிடிக்கிறவர் குந்தியபடியே நகர்ந்தார். ஒரு கையில் பொறை, மறுகை நாயின் கழுத்தடியில். "வாடா ராஜா, ஒன்றுமில்லையடா, எறும்புதான்." மருத்துவர் ஊசி போட்டுவிட்டு எழுந்ததுகூட நாய்க்குத் தெரியவில்லை. வலை தேவைப்பட்டது ஒன்றிரண்டுக்குத்தான். ஊசி போட்டதற்கு அடையாளமாக உதவியாளப் பையன் நெற்றியில் பச்சைச் சாயம் தடவினான். பத்தொன்பது என்றிருந்த பட்டியல் ஏழில் முடிந்தது. மணி ஒரே ஊசியில் ஐந்து வரிகளை அடித்துக் கொடுத்தது.

பச்சை நெற்றியோடு மணி நேராகப் போய்ப் பந்தி முடித்து வந்த கடைசி வீட்டு மாமாவின் வெள்ளை வேட்டியில் முகம் துடைத்துக்கொண்டது. மாமா சட்டம் பேசினார். மிருகவதைத் தடைச் சட்டம் 1960இல் வந்தது, விலங்கை வதைத்தால் முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை, வேட்டியை வதைத்தால் என்ன என்று அதில் இல்லை என்றாள் சின்னவள். ஐம்பதே ரூபாயா என்று எங்கள் வீட்டுக்காரர் அதிர்ந்தார். இரண்டு வடையும் ஒரு காப்பியும் வராதே!

நாய் பிடிக்கிறவரும் பையனும் கை கழுவி வந்தபோது பொங்கல் பாத்திரத்தில் கரண்டி மட்டும் இருந்தது. வடைக்குப் பந்தியில் சண்டையே நடந்ததாகக் கேள்வி. குழுப் புகைப்படமும் எடுத்து முடித்திருந்தார்கள். வீட்டுக்கு அழைத்துவந்து தோசை வார்த்துப் போட்டேன். பையன் ஏழு சாப்பிட்டான், கண் வைக்கவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன். மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கு எத்தனை ஊசி போட்டிருப்பார்கள், தம்பி?"

நாய் பிடிக்கிறவர் இலையிலிருந்து கையை எடுத்து யோசித்தார். வேலையில் சேரும்போது முன்கூட்டியே போட்டது, பிறகு கடிபட்ட போதெல்லாம் போட்டது என்று விரல்விட்டு எண்ணப் பார்த்தார். முன்கை முழுக்கத் தழும்பு, சிலது பழசு, ஒன்று போன வாரத்தியது. "எண்ணுவதை விட்டுவிட்டேன், ஐயா. சின்னக் குட்டி போட்டிருக்கும் தாய்தான் கடிக்கும். அது கடிக்காமல் வேறு யார் கடிப்பது?"

மாமனாரின் கை பனியன் ஓரத்துக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, "ஏம்மா, தம்பிக்கு இன்னொரு தோசை" என்றார். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கதையை அவர் ஆரம்பிக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

இன்று காலை செயலாளர் மாமா செலவுக் கணக்கை ஒட்டியிருக்கிறார். ஷாமியானா, பதாகை, சிற்றுண்டி, பொன்னாடை (நாற்காலியோடு போனவை இன்னும் திரும்பவில்லை), சரவெடி எல்லாம் காசுவாரியாக இருக்கின்றன. தடுப்பூசிக்குச் செலவு இல்லை, அது இலவசமாக வந்தது. நாய் பிடிக்கிறவர், பையன் இருவரின் ஆட்டோ கூலியைத் தேடினேன். இல்லை. சின்னவள் தன் கைக்காசிலிருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு 350 ரூபாய் பங்கு. அதற்குக் கீழே சிவப்பு மையில், நாய் வளர்ப்போர் மட்டும் கூடுதலாக 100 ரூபாய்.

பட்டியலோடு வசூலுக்குப் பொருளாளர் வந்தார். எதிர் வீட்டில் டைகர் என்று ஒரு நாயைக் கேள்விப்பட்டதே இல்லையாம். மாடி வீட்டு அத்தைக்குத் தெரிந்த பைரவர் கோயிலில் இருக்கிறார். இஸ்திரி வண்டிக்காரர் தன்னிடம் கரியென்று இருப்பது பெட்டிக்குள் எரிகிற கரி மட்டும்தான் என்றார். டீக்கடையில் பன்னு பத்து ரூபாய், வெண்ணெய் தடவினால் இருபது. எங்கள் வாசலுக்கு வந்து, "உங்கள் வீட்டு மணி..." என்று ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பதரை" என்றார்.